தட்டினால் திறப்பதில்லை

நீங்கள் படியேறி வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் மூச்சைக் கேட்டாலே தெரிகிறது, ஐயா. எழுதிக்கொள்ள வந்திருக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் இரைக்கிறது. மூன்று மாடி ஏறுவது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்லை. என்னை அதில்தான் கூட்டிவந்தார்கள். கதவு மூடும்போது லேசாக உரசுகிறது. கதவு ஓடும் தடத்தில் தூசி அடைந்திருக்கும், ஒரு பழைய துணியை விட்டுத் துடைத்தால் போதும்.

ஜனங்களின் பயமெல்லாம் எப்போதும் தப்பான இடத்தில்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன், இதை அடித்துச் சொல்வேன். கயிறு அறுந்து விழுந்துவிடும் என்பார்கள். ஒரு கயிறு இல்லை, ஐந்து கயிறு; ஒவ்வொன்றும் தனியாகவே முழுப் பாரத்தையும் தாங்கும். காற்று தீர்ந்துபோகும் என்பார்கள். பெட்டியின் மேலேயும் கீழேயும் காற்றுக்கு வழி விட்டுத்தான் செய்கிறார்கள், யாருக்கும் காற்றில்லாமல் போகாது. மாட்டிக்கொண்டால் செய்யவேண்டியது ரொம்பக் கொஞ்சம். மணியை ஒரு தடவை அழுத்தவேண்டும். இன்டர்காமில் தான் யார், உள்ளே எத்தனை பேர் என்று சொல்லவேண்டும். அப்புறம் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, சும்மா இருக்கவேண்டும். கதவை நெம்பக்கூடாது, தட்டக்கூடாது, கத்தக்கூடாது. அந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை.

இதை ஏன் இவன் இவ்வளவு இழுக்கிறான் என்று நினைப்பீர்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, நான் அவளைத் திட்டம் போட்டுக் கொன்றுவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறான். அக்காவைப் பறிகொடுத்தவன், வாய்க்கு வந்ததைச் சொல்லத்தான் செய்வான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அந்த லிஃப்டை நிறுத்தியது நான்தான். அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

எங்கள் கட்டடம் எட்டு மாடி. அதன் லிஃப்டையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழ்த்தளத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள், நானும் அவளும் அங்கேதான் இருந்தோம். நாலாவது மாடியில் ஒரு டெய்லர் இருந்தார். சிரித்த முகம், உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசி. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மின்சாரம் போய், அவர் ஏறிய லிஃப்ட் மூன்றாவது மாடித் தரைக்கு மேலே, இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. தைக்கக் கொடுத்ததை வாங்கப் போன என் மனைவி அந்த நேரம் மூன்றாவது மாடிப் படியில் இருந்தாள். டெய்லர் இரண்டு கதவையும் நெம்பித் திறந்துவிட்டார். "அக்கா, கொஞ்சம் நகருங்க, இதோ குதிச்சிடறேன்" என்றாராம். காலை முதலில் விட்டு வழுக்கி இறங்கினார். பெட்டிக்குக் கீழே தரைவரைக்கும் வாய் பிளந்திருக்கும் இடைவெளியை அவர் நினைக்கவில்லை. யாருமே நினைக்கமாட்டார்கள். கால் தரையில் பட்டதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. அந்த இடைவெளி வழியாக லிஃப்ட் குழிக்குள் போய்விட்டார்.

கையில் சாவியோடு நான் இரண்டாவது மாடியில் ஏறிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் யாருடைய சட்டைக்காவது காஜா போட்டுக்கொண்டிருப்பார். எங்கப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. என் மனைவி அழவில்லை. வாங்கவேண்டிய அந்தத் துணியைப் பற்றியே இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் லிஃப்ட் பக்கமே போனதில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் கட்டடத்தில் இன்னொருவன் பதற்றத்தால் சாகக்கூடாது. ஒவ்வொரு மாடியிலும் அறிவிப்பு ஒட்டினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கீழே நாற்காலி போட்டு வகுப்பு எடுத்தேன். முதல் வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தார்கள், இரண்டாவதுக்கு மூன்று பேர், மூன்றாவதுக்கு நாற்காலியை எடுத்துவைக்கக் காவலாளி மட்டும் வந்தார். எனக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்ததுதான் மிச்சம். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். "என்ன வாத்தியாரே, அடுத்து படி எப்படி இறங்கறதுன்னு கிளாஸ் எடுப்பீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த வாரம் அவர் தனியாக லிஃப்டில் ஏறும்போது, மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்து மெயின் சுவிட்சை இறக்கினேன். கோபத்தில் செய்யவில்லை, அதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். நாலு நிமிடம்தான். அந்த மனிதர் போட்ட கூச்சல் இருக்கிறதே, எட்டு மாடியும் வெளியே வந்துவிட்டது. நான் சுவிட்சைத் தூக்கியதும் லிஃப்ட் பக்கத்து மாடிக்குப் போய்த் திறந்துகொண்டது. அதற்கு மொத்தமே பன்னிரண்டு விநாடிதான். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "போன உயிரு திரும்பி வந்துச்சுப்பா" என்றார். அடுத்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, வாயால் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இல்லை இது. ஒரு தடவை மாட்டினால்தான் மண்டையில் ஏறும். அதனால் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தடவையாவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது மாடிப் பல் டாக்டருக்கு ஐந்து நிமிடம். ஏழாவது மாடி வக்கீல் அம்மாவுக்கு ஆறு. பழைய லிஃப்ட் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தை நான் போகப்போகத்தான் பிடித்தேன். தட்டும்போது திறந்தால், தட்டியதால்தான் திறந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த தடவை இன்னும் ஓங்கித் தட்டுகிறார்கள். அதனால் ஒரு விதி வைத்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சத்தம் முழுசாக அடங்கி, அதற்கப்புறம் இரண்டு நிமிடம் உள்ளே அமைதியாக இருந்தால்தான் சுவிட்சைத் தூக்குவேன். நடுவில் ஒரு தட்டு தட்டினாலும் மறுபடி முதலில் இருந்து எண்ணுவேன். கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லலாம். ஆனால் பலன் கண்கூடு, ஐயா. செயலாளர் மூன்றாவது தடவை மாட்டியபோது மணியை ஒரே தடவை அழுத்திவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தார். இன்டர்காமில் அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி ஒருத்திதான் பாக்கி. ஐந்தாவது மாடியில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஐந்து மாடியும் படியேறித்தான் போவாள். லிஃப்ட்காரன் பெண்டாட்டி படியேறிப் போகிறாள் என்று கட்டடமே கேலி பேசியது. கேலியை விடுங்கள். அவளுக்குச் சின்ன வயதில் இருந்தே இளைப்பு. ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு ஏறுவாள். படியேறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையையும் விடமாட்டாள், படியையும் விடமாட்டாள். எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். இப்படியே போனால் ஒருநாள் படியிலேயே சுருண்டு விழுந்துவிடுவாள் என்று எனக்குக் கிலி பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அவள் கெட்டிக்காரி. இரண்டு மாதத்துக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள். "ஏங்க, நீங்க மேல இருக்கும்போது மட்டும் அந்த லிஃப்ட் நின்னுபோகுதே, அது எப்படிங்க?"

"பழைய மெஷினு. மேல இருந்து ஏதாவது நோண்டிட்டு இருப்பேன்" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊருக்கு என்ன வேணா பண்ணிக்கோங்க. எனக்கு மட்டும் அப்படிப் பண்ணிடாதீங்க, சரியா?"

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன். மச்சான் உங்களிடம் நான் சத்தியம் பண்ணியதாகச் சொல்லியிருக்கிறான். அது பொய். நான் எந்தச் சத்தியமும் பண்ணவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. கட்டடத்தில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். அன்று அவளுக்குக் காலையில் இருந்தே கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன், கனமாக இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் என்கூட லிஃப்டுல வா. நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்றேன். கல்யாணம் ஆன புதிதில் பேசியதுபோல் இருந்ததோ என்னவோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயசான காலத்துல கை வேற பிடிக்கணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. சிரமம் ஒன்றும் இல்லாமல் ஐந்தாவது மாடி வந்துவிட்டது.

அங்கேயே விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் யோசித்தேன். ஆனால் நான் கையைப் பிடித்தால்தான் ஏறுவாள் என்றால் அது பயம் போனதாகுமா? நாளைக்கு நான் இல்லாதபோது நின்றுவிட்டால் டெய்லர் செய்ததைத்தான் செய்வாள். அரைகுறையாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கற்றுக்கொடுக்காமலே இருக்கலாம். "ஒரு தடவை தனியா கீழ போயிட்டு வந்துடு. நான் இங்கயே நிக்கறேன்" என்றேன். "வந்ததும் நான் வேலைக்குப் போயிடுவேன், அப்புறம் வம்பு பண்ணக்கூடாது" என்றாள். கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று மாடி ஓடி மெஷின் ரூமுக்குப் போனேன். அவள் கீழே போய்த் திரும்பி மேலே வரும்போது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், சுவிட்சை இறக்கினேன்.

மச்சான் பையைப் பற்றிக் கேட்டானாம். ஆமாம், அவள் இன்ஹேலர் அந்தப் பையில்தான் இருந்தது. பை என் தோளில் இருந்தது. வேண்டுமென்றே வாங்கவில்லை, கனமாக இருந்ததால் வாங்கினேன். எப்போது கவனித்தேன் என்றால், இன்டர்காமை எடுக்கக் குனிந்தபோது பை முன்னால் சரிந்து வந்தது. அப்போதே கவனித்தேன். கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மணியை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். இன்டர்காமில் குரல் நடுங்கினாலும் கேலி போகவில்லை. "வாத்தியாரே, உங்க லிஃப்டு நின்னுடுச்சு. உள்ள ஒரே ஒரு ஆளு, உங்க பொண்டாட்டி. உக்காந்துட்டேன். பாஸா, பெயிலா?"

"பாஸுதான். மெதுவா மூச்சு விடு. ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றேன். எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தைதான். பெண்டாட்டி என்பதற்காக மாற்றிச் சொல்லவில்லை.

மணிச் சத்தம் கேட்டுக் காவலாளி எனக்குப் போன் பண்ணினார். "அண்ணே, லிஃப்ட் நின்னுடுச்சு போல." "தெரியும், பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் அறைக்குப் போகிற இன்டர்காம் ஒயரை ஒரு வருடத்துக்கு முன்னாலேயே நான் கழற்றிவிட்டேன், ஆள் இளகிய மனசுக்காரர், பயிற்சியைக் கெடுத்துவிடுவார். அன்றைக்கும் மூன்றாவது மாடிக்கு ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்டர்காமில் கேட்டது. "அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் மேல மெஷின் ரூம்லதான் இருக்காரு."

அப்புறம் அவள் என்னிடம் கேட்டாள். "நீங்களா நிறுத்தினீங்க?"

"ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றேன்.

"நீங்கதான். எனக்குத் தெரியும். பரவால்லைங்க, கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு இழுக்குது. பை உங்ககிட்ட இருக்கு. தெறந்துடுங்க."

அப்போது நாலு நிமிடம் ஆகியிருந்தது. அவளுக்கு நான் ஐந்து என்று வைத்திருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் அப்படியே இருந்திருந்தால் சத்தியமாகத் திறந்திருப்பேன். ஆனால் அவள் எழுந்து கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

"தட்டாதே" என்றேன். "தட்டினா தெறக்க முடியாது. சும்மா உக்காரு, தெறந்துடும்."

அவள் கேட்டுக்கொண்டாள். என் பேச்சைத் தட்டாதவள். தட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள், முதுகு சுவரில் சாயும் சத்தம் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. இன்னும் இருபது விநாடி இருக்கும்போது கால் கதவில் இடித்தது. வேண்டுமென்று உதைத்தாளா, தானாகப் பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. விதி விதிதான் என்று மறுபடி முதலில் இருந்து எண்ணினேன். அப்படி மூன்று தடவை எண்ணவேண்டி வந்தது. காவலாளி மறுபடி போன் பண்ணினார். "அண்ணே, அக்கா பேச்சே காணோமே." "அப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

பிறகு சுத்தமாகச் சத்தம் இல்லை. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முழுசாக இரண்டு நிமிடம் எண்ணினேன். கூடவே, பழக்கம் ஊறட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். மொத்தம் பத்தொன்பது நிமிடம். சுவிட்சைத் தூக்கிவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்கு ஓடினேன். கதவு எனக்கு முன்னாலேயே திறந்திருந்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே முதுகைச் சாய்த்து, கால் மடக்கி, இரண்டு கையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். காவலாளி பக்கத்தில் மண்டிபோட்டு அழுதுகொண்டிருந்தார். நான் இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். நாலு தடவை அழுத்தினேன். உறிஞ்ச ஆள் இல்லை.

எழுதுகிற அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பரவாயில்லை, தண்ணீர் குடித்துவிட்டு எழுதட்டும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. எனக்கு மட்டும் துக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். பதினேழு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். இந்த நாலு நாளாகப் படுத்தால் தூக்கம் வருவதில்லை, பக்கத்தில் மூச்சுச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூங்கிப் பழக்கம் இல்லை. என் அளவுக்கு அவள்மேல் உயிரை வைத்தவர்கள் யாரும் கிடையாது.

அந்த மூச்சைப் பற்றிச் சொன்னதும்தான் நினைவு வருகிறது. கொஞ்சம் முன்னால் ஒன்று சொன்னேன், அம்மா, அதை அடித்துவிடுங்கள். சத்தம் நின்றதும் பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னேன். அது சரியில்லை. நடந்தபடி சொல்கிறேன் என்றுதானே உட்கார்ந்தேன். அவள் மூச்சு எப்படிச் சத்தம் போட்டால் மருந்து வேண்டும், எப்படிச் சத்தம் போட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அரைத்தூக்கத்தில்கூடத் தெரியும். எத்தனையோ தடவை அவள் கூப்பிடாமலே எழுந்து உட்காரவைத்திருக்கிறேன். அன்றைக்கு ரிசீவர் கடைசிவரை என் காதில்தான் இருந்தது. ஆறாவது நிமிடமே அந்தச் சத்தம் வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, ஆனால் அது என்ன என்று தெரிந்தது. சாகப்போகிறாள் என்று தெரியுமா என்று கேட்டீர்களே, தெரியும். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. அவள் தட்டிக்கொண்டிருக்கும்போது நான் திறந்துவிட்டிருந்தால், அப்புறம் ஜென்மத்துக்கும் அவள் லிஃப்டில் கால் வைத்திருக்கமாட்டாள்.